பட்டு நிகழ்ச்சித்தாளின் நாலு மூலை மஞ்சள்

காலை ஒன்பது மணி நாற்பது நிமிடத்துக்குத்தான் எல்லாம் பிழைத்துப்போகத் தொடங்கியது. நேரம் இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அன்று மத்தியானமே அதை நான் எழுத்தில் கொடுக்க வேண்டி வந்தது.

மொன்றியலில் மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை. வெளியே பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. வேலைநாள் என்பதால் கோயிலில் ஐந்தாறு பேர்தான். பிள்ளையாருக்கு அருச்சனை முடித்துவிட்டு ஐயர் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். தட்டில் தேங்காய்ப் பாதி, இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் பூ. அவற்றுக்குப் பக்கத்தில் திறந்த பெட்டிக்குள் என் மகளின் பட்டு. அந்தப் பட்டின் நாலு மூலையிலும் ஈர மஞ்சள். ஒவ்வொரு மஞ்சளின் நடுவிலும் ஒரு குங்குமப் பொட்டு.

ஐயருக்கு முகம் முழுக்கச் சிரிப்பு.

"பட்டிலேயே அடிச்சுப்போட்டீங்கள்! இப்பிடி ஒரு கலியாணக் காட் நான் இஞ்ச காணேல்லை. எப்ப கலியாணம்?"

"கலியாணமில்லை, ஐயா."

"அப்ப பிள்ளையின்ர சாமத்தியச் சடங்கோ?"

"அதுவுமில்லை. இது நூறு வருசத்துக்கு மேல பழசு."

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப ஆற்ற கலியாணம்?" என்றார்.

பிழை அவரில் இல்லை. கலியாண வீட்டுக்காரர் முதல் அழைப்பிதழைச் சாமியின் காலடியில் வைப்பார்கள். ஐயர் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டுத் திருப்பித் தருவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்குவோம். என் தட்டில் இருந்ததோ ஒரு முழ நீளக் கிறீம் நிறப் பட்டு. ஊதா மையில் அச்சு, சுற்றிவர கொடியும் பூவும், அடியில் பொன்நிறக் குஞ்சம், நடுவில் ஆங்கிலப் பெயர்கள் வரிசையாக. எங்கள் ஆட்கள் இந்த ஊரில் கலியாணக் காட் அடிக்கிற அழகுக்கு, அந்த மனிதர் அதை வேறு என்னவென்று நினைப்பார்?

அது ஒரு நாடகத்தின் நிகழ்ச்சித்தாள். விக்டோரியா மகாராணி காலத்தின் கடைசியில், ரயிலேறி மொன்றியலுக்கு வந்த ஒரு நாடகக் குழு, தங்கள் நடிகை ஒருத்தியைக் கௌரவிக்க நடத்திய சிறப்பு இரவுக்காக அச்சிட்டது. மற்ற நாட்களில் கடதாசியில் அடிப்பார்கள். இப்படியான இரவுகளில், முன்வரிசைக்காரருக்கு மட்டும் பட்டில் அடித்துக் கொடுப்பார்களாம். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளட்டும் என்று. அதன் கடைசி வரி எனக்கு மனப்பாடம்: வண்டிகள் பத்தே முக்காலுக்கு வரலாம். குதிரைவண்டிக்காரர் எந்த நேரத்துக்கு வாசலுக்கு வரவேண்டும் என்பதையும் பட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள்!

அன்று பிற்பகல் ஒரு மணிக்கு அந்தப் பட்டோடு என் மகள் நகர நடுவில் ஒரு நேர்முகத்துக்குப் போகவேண்டும். பழைய நாடகப் பொருட்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் ஒரு சிறிய இடம் அது. நடிகர்களின் உடுப்புகள், படங்கள், சுவரொட்டிகள், முகப்பூச்சுப் பெட்டிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. வருடத்துக்கு ஒரே ஒரு மாணவரைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். நேர்முகத்தில் கேள்வி பதில் குறைவு. சொந்தமாக ஒரு பொருளைக் கொண்டுபோய், அதைப்பற்றிக் கால்மணி நேரம் கதைக்க வேண்டும். பொருளின் படங்களை இரண்டு கிழமைக்கு முன்பே அனுப்பிவிட்டாள். அந்தப் படங்களில் நாலு மூலையும் சுத்தம்.

அப்படியானால் நீ ஏன் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனாய் என்று கேட்கலாம். எல்லாரும் கேட்டார்கள்.

அவளுடைய கணக்குச் சோதனைப் பேனா, சாரதிப் பரீட்சைக் கடிதம், எங்கள் காரின் திறப்புக் கொத்து, எல்லாமே அந்தப் பிள்ளையாரின் காலடிக்குப் போய் வந்தவைதான். ஒன்றும் பழுதாகவில்லை. இரண்டு வருடமாக நான் இந்த நாடகப் படிப்பு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மருந்தாளர் ஆகலாம், தாதியாகலாம் என்று அவளை ஒருவழி பண்ணினேன். அந்த எண்ணம் எப்போதோ மாறிவிட்டது. ஆனால் மாறியதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் நித்திரையால் எழும்ப முன் பெட்டியைக் கொண்டுபோய், அருச்சனை செய்து, பத்தரைக்குள் இருந்த இடத்தில் வைத்துவிடலாம் என்பது என் திட்டம்.

பெட்டியை மூடியபடியே கொடுத்திருக்கலாம். பேனாவை மூடியோடு சாமிக்கு வைப்பதில்லையே என்று நான்தான் திறந்து கொடுத்தேன்.

அந்தப் பட்டை நாங்கள் கண்டெடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மொன்றியலின் மேற்கே புவாண்ட்-கிளேரில் என் கணவர் வேலை செய்யும் களஞ்சியத்துக்குக் கிட்ட ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் நிலக்கீழ் மண்டபத்தில் பழைய சாமான் விற்பனை. சாப்பாட்டு மேசைக்குக் கதிரை பார்க்கத்தான் போனோம். மேசை விரிப்புகள் குவிந்துகிடந்த பெட்டிக்குள் மகள் கையை விட்டு இதை இழுத்தெடுத்தாள். "ஆற்றயோ மூக்குத் துடைச்ச லேஞ்சி, வை," என்றேன் நான். அவள் வைக்கவில்லை. அதே பெட்டியின் அடியில் தடித்த மட்டையில் ஒட்டிய ஒரு படமும் கிடைத்தது. ஆண்வேடத்தில் ஒரு பெண். கணுக்கால்வரை சப்பாத்து, இறகு குத்திய தொப்பி, இடுப்பில் கை. மட்டையின் பின்பக்கத்துக் கையெழுத்தை எழுத்தெழுத்தாக வாசித்த மகள் அந்த மண்டபம் அதிரக் கத்தினாள். பட்டில் நாலாவதாக இருந்த பெயரும் அதுவும் ஒன்று! பட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னச் சரி அடையாளமும் இருந்தது. அன்றிரவு முன்வரிசையில் இருந்த யாரோ ஒருவருக்கு அவளைப் பிடித்திருக்கிறது.

எங்கள் ஊர்க் கூத்துகளில் ஆண்கள் பெண்வேடம் கட்டினார்கள். இங்கே அதே காலத்தில் பெண்கள் இளவரசனாக வந்து வாள் வீசியிருக்கிறார்கள், ஊர் முழுக்க வந்து பார்த்திருக்கிறது. எனக்கு இது புதினம். அன்றிலிருந்து அந்தப் படத்து நடிகைக்கு எங்கள் வீட்டில் பெயர் 'இளவரசன்'. முதலில் பகிடியாகத்தான் பார்த்தேன். பிறகு ஒருநாள் அவளுடைய காலுறை முழங்காலில் சுருங்கியிருப்பதைக் கண்டேன். படம் எடுத்து முடிக்கும்வரை அசையாமல் நின்றிருக்கிறாள், அதற்கு முன்பும் நெடுநேரம் நின்றிருக்கிறாள். தாடை நிமிர்ந்திருந்தது, கண் களைத்திருந்தது. இரவு வேலை முடிந்து காலையில் வீடு வரும் பெண்களின் கண். பனிக்காலத்தில் ஊர் ஊராக ரயிலேறி, ஒவ்வொரு இரவும் புது ஆட்களுக்கு முன்னால் போய் நின்றவள். இதையா நான் ஒரு வேலையே இல்லை என்று சொன்னேன்? அதன் பிறகு நானே இணையத்தில் தேடத் தொடங்கினேன். நடிகைகளின் படம் போட்ட அஞ்சலட்டைகளை அந்தக் காலத்து ஆட்கள் எப்படிக் கையால் நிறம் தீட்டினார்கள், மினுக்கம் ஒட்டினார்கள் என்று வாசிப்பேன். மகள் வரும் சத்தம் கேட்டால் கணினியை மூடிவிடுவேன். அதுவும் ஒரு வெட்கம்.

இனி காருக்குள் வருகிறேன். மணி ஒன்பது ஐம்பத்தைந்து. பெட்டி மடியில். கடதாசி லேஞ்சியால் ஒரு மூலையை ஒற்றினேன். மஞ்சள் இன்னும் பரவியது. அத்தோடு விட்டேன். கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, ஐயர் பட்டில மஞ்சள் பூசிப்போட்டார்."

"நல்லதுதானே. எந்தப் பட்டு?"

"பிள்ளையின்ர பட்டு."

அந்தப் பக்கத்தில் பாரந்தூக்கி வாகனத்தின் சத்தம் குறைந்தது; ஒதுக்குப்புறமாக வந்துவிட்டார்.

"அவளுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப நீர் வீட்டை போகாதையும். நேரா எயார்போட்டுக்குப் போம்."

"பகிடி விடாதேங்கோ!"

"சரி சரி, அழாதையும். தண்ணி மட்டும் வைச்சுப்போடாதையும். உடுப்புக் கழுவுற கடையில ஒருக்கால் காட்டும்."

எங்கள் பக்கத்துக் கடைத்தொகுதியில் ஒரு உலர்சலவைக் கடை இருக்கிறது. அங்கிருந்த பெண் பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "தூஷே பா, மதாம்!" என்றாள். தொடாதே, நீயும் தொடாதே, நானும் தொடமாட்டேன் என்று பிரெஞ்சில் பொரிந்தாள். இவ்வளவு பழைய பட்டில் தண்ணீர் பட்டால் கிழியும், மை கரையும், காயவிடு, கடவுளே, வெறுமனே காயவிடு என்றாள். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கூப்பிட்டு, "நல்ல வாசம்," என்றும் சொன்னாள்.

இதற்குள் மகளிடமிருந்து ஆறு அழைப்பு. ஒன்றையும் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்ல?

வீட்டுக்குப் போனபோது பத்து ஐம்பது. மகள் கதவைத் திறந்துகொண்டு காலுறையோடு வாசலில் நின்றாள். நேர்முகத்துக்கு உடுத்தியிருந்தாள், தலை மட்டும் வாரி இழுக்கவில்லை.

"அம்மா, பெட்டி எங்க?"

"முதல் உள்ள வா பிள்ளை. குளிருது."

"பெட்டி எங்க?"

நீட்டினேன். சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தாள். அவள் கத்துவாள் என்று நான் ஆயத்தமாக நின்றேன். கத்தவில்லை. ஒவ்வொரு மூலையாகக் குனிந்து பார்த்தாள்.

"நீங்கள் வேணுமெண்டுதான் செய்தனீங்கள்," என்றாள்.

"இல்லை ராசாத்தி, ஐயர் கலியாணக் காட் எண்டு நினைச்சு..."

"ரெண்டு வருசமா வேண்டாம் வேண்டாம் எண்டனீங்கள். நான் கேக்கேல்லை. கடைசி நாளில கையால செய்து முடிச்சிட்டீங்கள்."

அவள் அப்படி நினைப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மஞ்சளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன், இதைப்பற்றி அல்ல. பட்டு போனால் போகட்டும். இந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க, என் தாய் என் வழியை மறித்தாள் என்று நம்பிக்கொண்டிருந்தால் நான் என்ன செய்வேன்? சத்தியம் பண்ணலாமா என்று யோசித்தேன். குளிர்ச்சட்டைப் பைக்குள் கையை விட்டபோது அருச்சனைச் சிட்டை தட்டுப்பட்டது. எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

எங்கள் கோயிலில் சிட்டையை நாங்களே நிரப்ப வேண்டும். பெயர், நட்சத்திரம், என்ன காரியத்துக்கு என்று மூன்று வரி. மகள் தமிழ் பேசுவாள், வாசிப்பது ஆறுதலாக, எழுத்துக்கூட்டித்தான். விரலை வைத்து வாசித்தாள். தன் பெயரை வாசித்தாள். நட்சத்திரத்தை வாசித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"நா... நாடக... நாடக வேலை கிடைக்க."

திரும்பவும் முதலில் இருந்து வாசித்தாள்.

"இது நீங்களோ எழுதினது?"

"ஓம்."

"நாடக வேலை எண்டு?"

"அப்ப என்னண்டு எழுதுறது? அதுதானே வேலை."

அவள் மூக்கை உறிஞ்சினாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு விளங்கவில்லை, இரண்டும்தான் போலிருக்கிறது. பிறகு அவளுடைய முகம் மாறியது. தொலைபேசியில் நேரத்தைப் பார்த்தாள். கொப்பியை இழுத்தாள், பென்சிலை எடுத்தாள்.

"சரி. எத்தினை மணிக்கு?"

"என்னது?"

"மஞ்சள் பட்டது. எத்தினை மணிக்கு?"

பழம்பொருட்களோடு வேலை செய்பவர்களின் முதல் வழக்கம் அதுவாம். ஒரு பொருளுக்கு ஏதாவது நடந்தால் துடைப்பது, மறைப்பது, கத்துவது எதுவும் முதல் வேலை இல்லை. முதல் வேலை எழுதுவது. எப்போது, யாரால், எதனால், எந்த இடத்தில், எவ்வளவு. அதற்கு நிலை அறிக்கை என்று பெயர். இப்போது அது என் மகளின் கையில் பொலிஸ் விசாரணை மாதிரித் தொடங்கியது.

சிட்டையில் ஒன்பது முப்பத்தொன்று என்று முத்திரை இருந்தது. அருச்சனை ஏழெட்டு நிமிடம். ஐயர் திரும்பி வரும்போது மண்டபத்து மணிக்கூட்டை நான் பார்த்தது நினைவிருந்தது. ஒன்பது நாற்பது என்று எழுதினாள். லேஞ்சியால் ஒற்றியதைச் சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லிவிட்டேன். "எந்த மூலை?" என்றாள். "இடப்பக்கம், மேல்." அதையும் எழுதினாள்.

"படத்தைக் கொண்டுபோவன் பிள்ளை," என்றேன். "இளவரசனைக் கொண்டுபோ. அதில ஒரு பொட்டும் இல்லை."

"பட்டுத்தான் எண்டு எழுதிக் குடுத்திட்டன். மறைச்சு வேற ஒண்டைக் கொண்டுபோனால் அதுதான் பிழை."

நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு, "உங்கட கை நடுங்குது, நீங்கள் கார் ஓடவேண்டாம்," என்றாள். மெத்ரோ ரயிலில் போகிறேன் என்றாள். நானும் வாறன் என்றேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். "அப்ப சப்பாத்தைப் போடுங்கோ," என்றாள்.

நாங்கள் இருக்கும் லவாலில் இருந்து புறப்படும் செம்மஞ்சள் வழி மெத்ரோவில் அந்த நேரத்தில் இடம் இருந்தது. பெட்டி அவள் மடியில், கொப்பி என் மடியில். மஞ்சள் காய்ந்து தூளாக உதிரத் தொடங்கியிருந்தது. ஆனால் ஒவ்வொரு மூலையிலும் ஒரு காசளவு நிறம் பிடித்துவிட்டது. குங்குமமும் விடவில்லை. இரண்டு நிலையம் தாண்டியதும் அவளுக்கு ஒரு யோசனை.

"வெறும் மஞ்சளோ, வேற ஏதும் கலந்ததோ? அங்க கட்டாயம் கேப்பினம்."

ஐயருக்கு எடுத்தேன். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. நான் கத்த வேண்டியதாயிற்று.

"ஐயா! மஞ்சளில என்ன கலந்தனீங்கள்?"

"ஆர், அந்தப் பட்டுக் காட் அம்மாவோ? நான் காலமை தொடக்கம் யோசிச்சுக்கொண்டிருக்கிறன், ஆற்ற கலியாணமெண்டு!"

"பேந்து சொல்லுறன் ஐயா. கலந்தது என்ன?"

"பன்னீர். கொஞ்சம் சந்தனம். ஒரு துளி பச்சைக் கற்பூரம்."

"குங்குமம்?"

"கடைக் குங்குமம் இல்லை அம்மா. நாங்களே மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யிறது. ஏன், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்லையோ?"

எதிரில் இருந்த கிழவர் செய்தித்தாளை இறக்கிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல மகள் பிரெஞ்சில் எழுதினாள். பச்சைக் கற்பூரத்துக்குச் சொல் தெரியாமல் நிலையம் ஒன்று கடந்தது. எழுதி முடித்துப் பெட்டிக்குள் மூக்கை வைத்து முகர்ந்தாள்.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமோ? அந்தக் காலத்தில சில தியேட்டருகளில நிகழ்ச்சித்தாளுக்கு வாசனை பூசித்தான் குடுத்தவை."

"பன்னீரோ?"

"பன்னீர் மாதிரித்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடாத இரண்டு பேர், மடியில் ஒரு பழுதான பட்டு, மெத்ரோவில் இருந்து சிரிக்கிறோம். கடைசித் தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். "கீழ கையெழுத்து வையுங்கோ. நேரமும் உங்கட கையால எழுதுங்கோ. நடந்ததைக் கண்ட ஆள் நீங்கள்தான்." ரயிலின் ஆட்டத்தில் ஒன்பது நாற்பது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வீடு வாங்கிய பத்திரத்தில்கூட நான் இவ்வளவு பயந்து கையெழுத்து வைக்கவில்லை.

அந்தக் கட்டடம் பழைய கருங்கல் கட்டடம். ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்க மகளைக் கூப்பிட்டார்கள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. நான் நடையில் தனியே நின்றேன்.

ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சுவரோடு கண்ணாடிப் பெட்டிகள் இருந்தன. முதலில் கண் எதையும் பிடிக்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிடித்தது. ஒரு நடிகையின் கையுறை, முழங்கைக்கு மேலே வரும் நீளம், இருபது பொத்தான். அதைப் போட இரண்டு பேர் வேண்டும். குட்டிச் சப்பாத்துச் சோடி ஒன்று, அடித்தோல் தேய்ந்து ஓட்டை. வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பவரின் புத்தகம், பக்கம் முழுக்க அடித்தும் திருத்தியும். இதெல்லாம் உண்மையாகவே இருந்திருக்கிறது! உண்மையான கை, உண்மையான கால். காலை நடந்ததை மறந்து ஒவ்வொரு கண்ணாடியிலும் மூக்கு முட்ட நின்றேன். அந்த நேரத்தில் யாராவது என்னைக் கண்டிருந்தால் நேர்முகம் எனக்குத்தான் என்று நினைத்திருப்பார்கள்.

கடைசிப் பெட்டியில் ஒரு கோமாளி நடிகனின் வெள்ளைக் கழுத்துப்பட்டி. உட்புறம் முழுக்க மண்ணிற அழுக்கு. கீழே சின்ன அட்டையில் இரண்டு வரி: 'உட்புறத்தில் நடிகரின் முகப்பூச்சு. சுத்தம் செய்யப்படவில்லை.' அதை மூன்று தரம் வாசித்தேன். பிரெஞ்சில் ஒருதரம், ஆங்கிலத்தில் இரண்டு தரம். கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அது அந்த நடிகனின் வியர்வை. ஐயரின் மஞ்சள் எந்த நடிகனின் முகத்தில் இருந்து வந்தது? திரும்பவும் கதவைப் பார்க்கத் தொடங்கினேன்.

ஒன்றே கால். ஒன்றரை. கால்மணி நேரம் என்றுதானே சொன்னார்கள்? இரண்டேகாலுக்கு என் கணவர் வந்து சேர்ந்தார். வேலையில் அரைநாள் விடுப்பு எடுத்துவிட்டார். கையில் கடதாசிப் பை, அதற்குள் பொரித்த றோல்ஸ்.

"இன்னும் வெளியில வரேல்லையோ?"

"இல்லை."

"பொலிசைக் கூப்பிட்டிருக்கினம் போல."

"வாயைப் பொத்துங்கோ."

"இந்தாரும், ஒரு றோல்ஸ் சாப்பிடும்."

"இஞ்ச சாப்பிடக்கூடாதாம். எழுதியிருக்கு."

"ஓம் ஓம், எண்ணெய்க் கையோட இனி இதுகளையும் தொட்டுப்போடாதையும்," என்று கண்ணாடிப் பெட்டிகளைக் காட்டினார். பிறகு மெல்ல என் பக்கத்தில் வந்து நின்று, அந்தக் கையுறையைப் பார்த்து, "இதைப் போட எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்?" என்றார். பொத்தான்களை எண்ணிச் சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கோமாளியின் கழுத்துப்பட்டியை வாசித்தோம். அவர் ஒன்றும் பகிடி விடவில்லை. அவருக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பு கதவு திறந்தது. மகள் இல்லை. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, இரண்டு கையாலும் எங்கள் பெட்டியை ஏந்தியபடி வந்தார். அவருக்குப் பின்னால் நிலைக்கதவில் மகள் தெரிந்தாள். அவளுடைய முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பெண்மணி எனக்கு முன்னால் வந்து நின்றார். நான் கையெழுத்திட்ட தாள் பெட்டியின் மேல் இருந்தது.

"ஒன்பது நாற்பது நீங்கள்தானா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"ஓம்," என்றேன் தமிழில். பிறகுதான் "வி, மதாம்" வந்தது.

"மூன்று நாளாக ஆட்களைப் பார்க்கிறோம். உங்கள் மகள்தான் கடைசி. மற்றவர்கள் கொண்டுவந்த பொருட்களுக்கு ஒருபோதும் ஒன்றுமே நடந்ததில்லையாம். இவள் மட்டும், யார் பழுதாக்கியது, எத்தனை மணிக்கு, எதனால் என்று தாயின் கையெழுத்தோடு கொண்டுவந்தாள். அந்தக் கற்பூரத்தைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் கதைத்தோம்." பெட்டியை ஒருதரம் பார்த்தார், என் கைகளை ஒருதரம் பார்த்தார். "பிள்ளையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், மதாம். இந்தப் பட்டை உங்களிடம் திருப்பித் தரத்தான் எனக்குப் பயமாயிருக்கிறது."